தனியே உண்ணலாகாத படையல்

செவ்வாய்க்கிழமை காலை சுவாமி அறையில் விளக்கேற்றிவிட்டு வெளியே வரும்போது ரெலிபோன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாதி பேசினார். ஹன்னா அம்மையார் விடியப்புறம் நித்திரையிலேயே போய்விட்டார் என்றும், யாருக்கு அறிவிப்பது என்று கேட்டபோது எங்கள் வீட்டு இலக்கத்தை மட்டுமே தந்திருந்தார் என்றும் சொன்னார். நான் "ஓம், ஓம்" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு நின்றேன். அவர் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "நீங்கள் அவருக்கு என்ன உறவு?" என்றார். பக்கத்து வீடு என்றேன்.

அவர்கள் சமயத்தில் பிரேதத்தை வைத்திருப்பதில்லை. மறுநாளே அடக்கம். பூவும் வைப்பதில்லை. இதெல்லாம் அவரே எனக்குச் சொல்லித் தந்தவை. அப்படியிருந்தும் அன்று பின்னேரம் என் கால் பூக்கடைக்குப் போய்விட்டது. வாசலில் நின்று செவ்வந்தியைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். செத்த வீட்டுக்கு வெறுங்கையோடு போவது எங்களுக்குப் பழக்கமில்லாத காரியம்.

தெற்கு லண்டன் நோர்பரியில் இருக்கும் நம்மவர் பலருக்கு அவரை முகத்தில் தெரிந்திருக்கும், பெயரில் தெரிந்திருக்காது. பச்சைக் கோட்டு, தலையில் சின்னத் தொப்பி, பின்னால் இழுத்துவரும் சில்லுப் பை. பஸ் தரிப்பில் யார் நின்றாலும் தலையசைப்பார். வியன்னா நகரத்தில் பிறந்த யூதப் பெண்மணி. பெரிய யுத்தம் தொடங்கமுதல், பிள்ளைகளை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்த ரயிலிலும் கப்பலிலும் இந்த நாட்டுக்கு வந்தவர். மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர். நாங்கள் எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து அவருடைய தெருவில் குடியேறியபோது அவருடைய கணவர் காலமாகியிருந்தார். பிள்ளைகள் இல்லை. எங்களுக்கும் இல்லை.

முதலில் நான் கவனித்தது அவரையல்ல, அவர் வாங்கும் மாவை. வீட்டுச் செலவை நாள்தோறும் எழுதிவைப்பவள் நான். அதனால் கடையில் மற்றவர்களின் கூடையைப் பார்த்தாலும் மனம் தன்பாட்டில் கணக்குப் போடும். தனி ஆளாக இருக்கும் ஒரு வயோதிப மாது, பெரிய குடும்பம் ஒன்றுக்குக் காணக்கூடிய கோதுமை மாவைக் கிழமைக்குக் கிழமை இழுத்துக்கொண்டு போனார். வீட்டில் இவரிடம், என் கணவரிடம், சொன்னேன்.

"அந்த மனுசி மாவை என்னதான் செய்யிறா?"

"பசை காய்ச்சிச் சுவருக்குப் பேப்பர் ஒட்டுறா ஆக்கும். உமக்கு வேறை வேலை இல்லையோ?" என்றார் இவர். அப்போது பெற்றோல் ஸ்ரேசனில் இரட்டை ஷிப்ட். அதற்குமேல் பேச அவருக்கும் தெம்பு இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டிலிருந்து கருகல் மணம் வந்தது. பொறுத்துப் பார்த்தேன், கூடியது. ஓடிப்போய்த் தட்டினால் பதில் இல்லை. பின்கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே போய், வெதுப்பியைத் திறந்து, வெள்ளித்தாளில் கரிக்கட்டியாகக் கிடந்ததைத் துணியால் பிடித்து எடுத்துத் தண்ணீர்க் குழாயின் கீழே போட்டேன். சீறி அடங்கியது. திரும்பிப் பார்க்கிறேன், அவர் கதவடியில் நிற்கிறார்.

எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் இரவல் மொழி. அவர் பேசியது என் மனதில் எங்களூர்ப் பேச்சாகத்தான் பதிந்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

"ஏன் அதை எடுத்தனீர்?"

"எரிஞ்சு போச்சு. நீங்கள் மறந்துபோனீங்கள்."

"நான் மறக்கேல்லை. அது எரியத்தான் வேணும்."

நான் தண்ணீரில் ஊறிய கரியைப் பார்த்தபடி நின்றேன். அவர் கதிரையொன்றை இழுத்துப்போட்டு அமர்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "நான் எரிஞ்சு செத்துப்போவன் எண்டு ஓடிவந்தனீர். இந்தத் தெருவில என்ர அடுப்பைப் பற்றிக் கவலைப்பட ஒரு ஆள் இருக்கெண்டு எனக்குத் தெரியாது" என்றார்.

அன்றைக்குத்தான் விளக்கம் கிடைத்தது. எருசலேமில் அவர்களின் பெருங்கோவில் இருந்த காலத்தில், வீட்டில் ரொட்டிக்கு மா குழைக்கும் பெண்கள் அதில் ஒரு பங்கைப் பூசகர்களுக்கென்று எடுத்துவைப்பார்களாம். கோவில் அழிந்து யுகமாகிவிட்டது. கொடுக்க இடமில்லை. ஆனாலும் எடுப்பதை விடவில்லை. எடுத்த பங்கை யாரும் உண்ணாமல் எரித்துவிடுகிறார்கள். பலிபீடத்தில் எஞ்சியது ஒவ்வொரு வீட்டு அடுப்பும்தான் என்றார்.

"கொஞ்ச மா குழைச்சால் இந்தக் கடமை இல்லை. ஒரு வீட்டுச் சனத்துக்குக் காணுமளவு குழைச்சால்தான் பங்கு எடுக்கலாம். எனக்கு ரெண்டு கை மா போதும். ஆனால் ரெண்டு கை மாவில கடவுளுக்குப் பங்கு இல்லையே."

மாவின் கணக்கு எனக்கு அப்போது விளங்கியது. ஒரு துண்டு மாவைக் கொடுக்கும் உரிமைக்காக, இல்லாத குடும்பத்துக்கு அவர் கிழமைதோறும் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். முந்தி அவர்களுடைய சனம் எங்கள் பக்கத்தில் நிறைய இருந்ததாம். ரொட்டி வாங்கிப் போவார்களாம். ஒவ்வொருவராக வடக்கு லண்டனுக்குப் போய்விட்டார்கள். பக்கத்து ஊரில் இருந்த சின்ன வழிபாட்டுக் கூடமும், தொழுகைக்கு வேண்டிய பத்து ஆண்கள் சேராமல், மூடும் நிலைக்கு வந்திருந்தது. "நீங்களும் வடக்குக்குப் போகலாமே?" என்று கேட்டேன். "அங்கை எல்லாருக்கும் பேரப்பிள்ளையள் இருக்கினம்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வெள்ளி தொடக்கம் எங்களுக்கும் ரொட்டி வந்தது. பின்னல் போட்டு, மேலே பளபளவென்று, பார்த்தாலே சாப்பிடச் சொல்லும் ரொட்டி. ஆனால் அதில் முட்டை. நான் எப்போதும் சைவம், இவர் வெள்ளிக்கிழமை மட்டும். வாங்கி, நன்றி சொல்லி, சனிக்கிழமை இவருக்குக் கொடுத்தேன். சில மாதங்களுக்குப் பிறகு, இவர் வேலிக்கு மேலால் அவரோடு கதைத்துக்கொண்டிருந்தபோது, "உங்கட ரொட்டி எனக்குத்தான் அதிர்ஷ்டம், அவ முட்டை தொடமாட்டா" என்று உளறிவிட்டார். அடுத்த வெள்ளி அன்ரி வந்தார். அதற்குள் அவரை அன்ரி என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன். கையில் மினுக்கமில்லாத, வெளிறிய ரொட்டி ஒன்று.

"இதில முட்டை இல்லை. இனி எல்லா ரொட்டியும் இப்பிடித்தான். சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

என் வீட்டில் சமைத்ததை அவரும் உண்ணமாட்டார். அவர்களுக்குச் சட்டி வேறு, கரண்டி வேறு, ஆயிரம் ஆசாரம். பழம் கொடுத்தால் வாங்குவார். தேநீரைக் கண்ணாடிக் கிளாசில் பாலில்லாமல் குடிப்பார். ஆசாரக்காரிகள் இரண்டு பேர், ஒருத்தி ஆசாரத்தை ஒருத்தி குலைக்காமல், சுவரொன்றைப் பங்கிட்டுக்கொண்டு பத்து வருடத்துக்கு மேலாக அயலில் இருந்தோம். இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். எங்களுக்கு அது பெரிய மரியாதையாக இருந்தது.

பலி என்ற பேச்சை எடுத்தது நான்தான். எங்களூர் எல்லைக் கோவிலில் கிடாய் வெட்டும் வேள்வி நடக்கும் நாளில் என்னைப் பெற்ற ஐயா எங்களை அந்தத் தெருவால் போகவிடமாட்டார். சைவக் குடும்பத்தில் அப்படி வளர்ந்தவளுக்கு, இவ்வளவு மென்மையான மனுசியின் சமயத்தில் ஆடும் மாடும் வெட்டினார்கள் என்பது தொண்டைக்குள் இறங்கவில்லை.

"உங்கட கடவுளுக்குப் பசிச்சதோ, அன்ரி?"

"பசிக்கிறவர் தன்ர பங்கைப் புகையாக்கச் சொல்லுவாரோ?" என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு ஆறுதலாகச் சொன்னார். பலி கொடுக்க வருகிறவன் தன் இரண்டு கைகளையும் அந்த மிருகத்தின் தலையில் வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் அழுத்தவேண்டும். தனக்குப் பதிலாக இன்னொருவனை அனுப்ப முடியாது. "நான்தான் இங்கை நிற்கவேண்டியவன், எனக்குப் பதிலா இது நிற்குது எண்டு அந்தக் கை சொல்லுது. இறைச்சி இல்லை காரியம். தூரப்போனவன் திரும்பக் கிட்ட வாறதுதான் காரியம்." முழுக்க எரிக்கும் பலியும் இருந்ததாம், அதில் ஒரு துண்டும் மனிதருக்கில்லை. ஆடு வாங்க வழியில்லாத ஏழை ஒரு பிடி மாவையும் எண்ணெயையும் கொண்டுவருவானாம். அவன் தன் உயிரையே கொண்டுவந்து வைத்ததாக மதிக்கவேண்டும் என்று அவருடைய தகப்பனார் சொல்லுவாராம். எந்தக் காணிக்கையும் உப்பில்லாமல் பீடத்துக்கு ஏறாதாம். அதனால்தான் இன்றைக்கும் ரொட்டியை உப்பில் தொட்டு உண்கிறார்கள்.

"உயிர்க்கொலையை என்னால ஏற்க ஏலாது" என்று ஒளிக்காமல் சொன்னேன்.

"ஏற்க வேண்டாம். நானும் சிலநேரம் இறைச்சிக்கடை வரிசையில நிண்டு யோசிக்கிறனான்."

இன்னொரு நாள் வேறொன்று சொன்னார். பெருங்கோவிலில் ஒவ்வொரு நாளும் முதல் தொண்டு, பீடத்தில் முதல்நாள் எரிந்த சாம்பலை அள்ளுவதாம். அதற்குப் பூசகர்கள் போட்டி போடுவார்களாம். "அப்ப அடுப்புச் சாம்பல் அள்ளுற பெண்டுகள் நாங்கள் எல்லாரும் பெரிய பூசகர்தான்" என்றேன். "ஓம். சம்பளமில்லாத பூசகர்" என்றார்.

அவர் மனதைத் திறந்தது நன்றிப் பலியைப் பற்றிப் பேசியபோதுதான். கடல் கடந்து உயிரோடு சேர்ந்தவன், பாலைவனம் தாண்டியவன், நோயிலிருந்து எழுந்தவன், சிறையிலிருந்து வெளியே வந்தவன் ஆகியோர் கொண்டுவரவேண்டிய பலி அது. அதோடு பெருந்தொகை ரொட்டியும் படைக்கவேண்டும். பூசகரின் பங்கு போக மிச்சம் கொண்டுவந்தவனுக்கு. ஆனால் அத்தனையையும் அன்றைய இரவுக்குள் உண்டு முடிக்கவேண்டும், அடுத்த நாளுக்கு வைக்கக்கூடாது.

"அவ்வளவையும் ஒரு ஆள் எப்பிடிச் சாப்பிடுறது?" என்றேன்.

"சாப்பிட ஏலாது. அதுக்குத்தான் அந்தச் சட்டம். ஊரைக் கூப்பிடத்தான் வேணும். கூப்பிட்டால், ஏன் கூப்பிட்டனீ எண்டு கேட்பினம். அப்ப வாய் திறந்து நடந்ததைச் சொல்லத்தான் வேணும். தனிய இருந்து கடவுளுக்கு நன்றி சொல்லிப்போட்டுக் கதவைச் சாத்த விடமாட்டார்."

இப்போது கோவில் இல்லாததால், பத்துப் பேர் முன்னிலையில் ஒரு வாழ்த்துரை சொல்லி ஒரு விருந்து வைப்பார்களாம்.

"நீங்கள் கடல் கடந்து வந்தனீங்கள். செய்தனீங்களோ?"

கிளாசைக் கீழே வைத்தார். "இல்லை. அப்பா, அம்மா, தம்பி மூண்டு பேரும் ஸ்ரேசனில நிண்டவை. தம்பிக்கு அந்த ரயிலில இடம் கிடைக்கேல்லை. நான் தப்பினதுக்கு நன்றி எண்டு சொன்னால், அவை போனதுக்கு நான் கையெழுத்து வைச்ச மாதிரி. நான் சொல்லமாட்டன்."

அதற்குப் பிறகு நான் அதைப்பற்றிக் கேட்கவில்லை. அவரும் பேசவில்லை. ஆனால் பக்தி இவ்வளவு உள்ள ஒருவர், கொடுக்கவேண்டியது இன்னதென்று தெரிந்தும் கொடுக்காமல் இருப்பது அவரை அரித்துக்கொண்டிருந்தது என்பதை நான் கண்டேன். யாரும் கேட்காத அந்தத் துண்டு மாவைக்கூடத் தவறவிடாதவர் அவர்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் தம்பி வசந்தன் வந்து சேர்ந்தான். ஊரில் பிடிபட்டுத் தடுப்புமுகாமில் இருந்து வெளியே வந்தவன். இருபத்தாறு வயதில் கிழவன் மாதிரிக் குனிந்து நடந்தான். அகதி விண்ணப்பத்துக்காகக் குரோய்டனில் இருக்கும் அந்தப் பெரிய குடிவரவு அலுவலகத்துக்குப் போகவேண்டிய நாட்களில், இவருக்கு ஷிப்ட் என்றால் அன்ரிதான் எங்களோடு வருவார். மடியில் ரொட்டியும், கடதாசியில் மடித்த உப்பும். வரிசையில் நிற்கும்போது ஒருமுறை வசந்தன் என்னிடம் தமிழில், "இந்தக் கிழவிக்கு ஏன் இந்தக் கஷ்டம்?" என்றான். மொழி விளங்காமலே அவர், "கால் நோகேல்லை எண்டு சொல்லும்" என்றார்.

திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று நான் உருகிய நாட்கள் அவை. அனுமதி கிடைத்தால் வெள்ளிக்கிழமை பொங்கிப் படைத்து, அயலைக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுப்பதாக அம்மனுக்கு நேர்ந்தேன். அனுமதி கிடைத்தது. பொங்கினேன். சர்க்கரைப் பொங்கல், வடை, மோதகம், கடலை. தமிழ்ச் சனம் முன்னறை நிறைய வந்திருந்தது. அன்ரி ஒரு வாழைப்பழத்தோடு மூலையில் இருந்தார்.

வசந்தன் வரவில்லை. மாடிப்படியில் இருந்தான். இலை போட்டுக் கூப்பிட்டேன்.

"எனக்கு வேண்டாம், அக்கா."

"உனக்காகத்தானேடா பொங்கினது."

"அதுதான் வேண்டாம் எண்டுறன். என்னோட பிடிபட்டவன் இன்னும் வரேல்லை. வரவும் மாட்டான். நான் இஞ்சை இருந்து சக்கரைப்பொங்கல் தின்னவோ?"

எல்லார் முன்னாலும் என் நேர்த்தியைக் காலால் தட்டிவிட்டான் என்று எனக்கு அழுகை வந்தது. அன்ரி என் முகத்தைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுந்துபோய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, வசந்தனுக்குக் கீழ்ப்படியில் இருந்தார். நான் குசினி வாசலில் நின்றதால் கேட்டது.

"உம்மட அக்கா அம்மனுக்குச் சொன்ன வாக்கு. ஒரு வாய் சாப்பிடும்."

அவனுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். ஆனால் அன்றைக்கு நன்றாக வந்தது.

"நீங்களும் தப்பி வந்தனீங்கள்தானே. அக்கா சொன்னவ. நீங்கள் இப்பிடிச் சாப்பாடு குடுத்தனீங்களோ?"

"இல்லை."

"பிறகென்ன எனக்குச் சொல்லுறீங்கள்?"

அவர் சுவரைப் பிடித்து எழுந்து, வாழைப்பழத் தோலை என்னிடம் தந்து, "பொங்கல் நல்ல வாசம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த வெள்ளி ரொட்டி வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. நான் போய்த் தட்டினால் "சுகமாயிருக்கிறன்" என்று கதவிடுக்கால் சொன்னார். வசந்தனை ஏசினேன். "நான் பிழையாக் கேட்டனானோ?" என்றான். பிழையாகக் கேட்கவில்லை, அதுதான் கவலை.

கோடை முடியும் காலத்தில் ஒருநாள் அவரே வந்தார். உட்காராமல் கேட்டார்.

"உங்கட தட்டை ரொட்டி, தேங்காய்ப்பூப் போட்டுச் சுடுறது, மா புளிச்சுப் பொங்காமல் இருக்குமே, அது என்ர வீட்டில வந்து சுட்டுத் தருவீரோ? என்ர சட்டியில. அடுப்பை மட்டும் நான் பத்தவைக்கிறன், அப்பதான் எங்கட ஆசாரப்படி நான் சாப்பிடலாம், மிச்சம் உம்மட பாடு."

"எதுக்கு, அன்ரி?"

"நன்றிப் பலிக்கு ரெண்டு விதமும் வேணும். பொங்கின ரொட்டியும் பொங்காத ரொட்டியும். பொங்காதது அடிமையா இருந்த காலத்து ரொட்டி, துக்கத்தின்ர ரொட்டி. எனக்குச் சின்ன வயசில தெரிஞ்ச விசயம்தான். உம்மட தம்பி கேட்ட பிறகுதான் யோசிச்சனான். சந்தோசம் மட்டும் கொண்டுவா எண்டு கடவுள் கேட்கேல்லை. ரெண்டையும் ஒரே தட்டில கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்."

பிறகு அவசரமாகச் சொன்னார்: "இது பலியில்லை, விளங்குதோ? கோவில் இல்லாமல் பலியில்லை. எங்கட ஆக்கள் பத்துப்பேர் இல்லாததால வாழ்த்துரையும் முறைப்படி இல்லை. வெறும் சாப்பாடு. ஆனால் இரவுக்குள்ள முடிக்கவேணும். ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாரும்."

வியாழக்கிழமை நாங்கள் இருவரும் ஒரே குசினியில் நின்றோம். அத்தனை வருடங்களில் ஒன்றாக அடுப்படியில் நின்று சமைத்தது அன்றுதான் முதல்முறை. அவர் அடுப்பைப் பற்றவைத்தார். நான் சுட்டேன். பக்கத்தில் அவருடைய பின்னல் ரொட்டிகள் ஆறிக்கொண்டிருந்தன. பின்னேரம் இவரும், இவரோடு வேலைசெய்கிற நாலைந்து பேரும், எதிர்வீட்டு ஆசிரியரும் மனைவியும் வந்தார்கள்.

"பலிச் சாப்பாடு எண்டு கூட்டிக்கொண்டு வந்தாய். இறைச்சி எங்கையடா?" என்றார் இவரின் கூட்டாளி.

"பலி இல்லாத பலிச்சாப்பாடு. பேசாமல் இரும்" என்றார் இவர்.

"அப்ப எங்கட கோவில்தான். அன்னதானம்."

வசந்தன் கடைசியாக வந்து கதவோடு நின்றான். அன்ரி அவனைக் கூப்பிடவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். மேசையின் தலைமாட்டில் எழுந்து நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் மேசையில் வைத்தார். தோள் குனியும்வரை அழுத்தினார். கோப்பைகள் அசைந்தன. தம் மொழியில் ஒரு வசனம் சொன்னார். பிறகு எங்களுக்கு விளங்கும்படி சொன்னார்.

"அப்பாவின்ர பெயர் யாக்கோப். அம்மா கிளாரா. தம்பி ஏரிக். தம்பிக்கு ஆறு வயசு. அவை என்னை ரயிலேத்தி விட்டவை. நான் வந்து சேர்ந்தன். அவை வரேல்லை. அதுக்காக நான் இவ்வளவு காலமும் கடவுளோட கோவம். இப்பவும் கோவம்தான். கோவத்தோடையே நன்றி சொல்லுறன். என்னை அனுப்பின கைகளுக்கும் நன்றி."

சிரித்துக்கொண்டிருந்த இவரின் கூட்டாளி தலை குனிந்துகொண்டார். அன்ரி பின்னல் ரொட்டியைக் கையால் பிய்த்தார், தட்டை ரொட்டியைப் பிய்த்தார், இரண்டையும் சேர்த்து உப்பில் தொட்டு முதலில் தாம் உண்டார். பிறகு தட்டு சுற்றிவந்தது. கதவடிக்கு வந்தபோது வசந்தன் எடுத்தான். தட்டை ரொட்டியைத்தான் எடுத்தான். உப்பில் தொட்டு வாயில் வைத்து நெடுநேரம் மென்றான்.

மிச்சம் நிறைய இருந்தது. ஒன்றும் மிஞ்சக்கூடாது என்று அன்ரி விடாப்பிடியாக நின்றார். இவரின் ஆட்கள் வேலைத்தலத்துக்குக் கட்டிக்கொண்டு போனார்கள். ஆசிரியர் பஸ் தரிப்பில் நின்றவர்களுக்குக் கொடுக்கப்போய், ஒரு வெள்ளைக்காரர் "என்ன விசேஷம்?" என்று கேட்க, அவர் தமக்குத் தெரிந்தமட்டில் கதையைச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு அன்ரி பட்ட சந்தோசம் எனக்குச் சொல்லத் தெரியாது. "கேட்டவரோ? ஏனெண்டு கேட்டவரோ?" என்று திரும்பத் திரும்ப ஆசிரியரைக் கேட்டார்.

அதற்குப் பிறகு அவர் இருந்தது இரண்டு குளிர்காலம். கை நடுங்கத் தொடங்கியது. பெரிய அளவில் மா குழைக்க முடியாமல் போனது. நான் குழைத்துத் தருகிறேன் என்றேன். பங்கு எடுப்பது அவர்களில் ஒருத்தியின் கடமை என்பதால் மாவைக் குழைத்து அவர் முன்னால் வைப்பேன், அவர் துண்டை எடுத்து மந்திரம் சொல்லுவார். கடைசியில் அதுவும் நின்றது. ஆஸ்பத்திரியில் நான் போய் இருப்பேன். அதிகம் பேசமாட்டோம். "வசந்தன் கதைக்கிறவனோ?" என்று கேட்பார். இல்லை என்பேன். வேலைக்குப் போகிறான், வருகிறான், சாப்பிடுகிறான், அந்தக் காலத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை என்பேன். "ஆறுதலா வரட்டும். எனக்கு அரை நூற்றாண்டுக்கு மேல எடுத்தது" என்பார்.

புதன்கிழமை அடக்கம். நகரத்துக்கு வெளியே, காற்றை மறிக்க ஒரு மரமும் இல்லாத இடம். அவர்களுடைய குருவானவர், பிரேத வண்டி கொண்டுவந்த இரண்டு பேர், கண்ணாடிக் கடையில் அவரோடு வேலைசெய்த ஒரு முதிய பெண்மணி, நாங்கள் மூவர். துக்கம் கொண்டாடுகிறவர் சொல்லும் அந்த முக்கியமான தொழுகைக்கு அவர்களின் ஆண்கள் பத்துப்பேர் வேண்டும். குருவானவர் வாசலைப் பார்த்துப் பார்த்துக் காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. அந்தத் தொழுகை இல்லாமலே வேறு பதிகங்களைப் படித்தார். பெட்டியில் ஒரு அலங்காரமும் இல்லை, வெறும் பலகை. எங்கள் சாவுகளில் பறையும் ஒப்பாரியும் கேட்ட எனக்கு, அந்த அமைதி புதிது. இந்த லண்டன் மாநகரத்தில் இவ்வளவு சனம் இருக்க, ஒரு மனுசியை அனுப்பிவைக்க இவ்வளவு பேர்தானா என்று நினைத்தேன். என் நாள் வரும்போதும் இப்படித்தான் இருக்குமோ என்றும் நினைத்தேன், மறைக்கவில்லை.

மண் போடும்போது அவர்களிடம் ஒரு வழக்கம். மண்வெட்டியைக் கைமாற்றிக் கொடுக்கமாட்டார்கள். போட்டவர் அதை மண்ணில் குத்திவிட்டு விலகவேண்டும், அடுத்தவர் தாமாக எடுக்கவேண்டும். துக்கத்தை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத் தரக்கூடாது என்பதற்காகவாம். குருவானவர் போட்டார், குத்தினார். இவர் போட்டார். நான் போட்டேன், பலகையில் மண் விழுந்த சத்தத்தில் மண்வெட்டியைக் குத்திவிட்டு விலகினேன். அது மண்ணில் நின்றது. ஒருவரும் எடுக்கவில்லை. காற்று மட்டும் அடித்தது.

வசந்தன் முன்னால் போய் எடுத்தான். ஒன்றிரண்டு முறை போட்டுவிட்டு நிறுத்தவில்லை. சேர்ட்டுக் கையை மடித்துக்கொண்டு போட்டான். வண்டிக்காரர் உதவிக்கு வர, வேண்டாம் என்று தலையசைத்தான். குழி மூடி மண் மேலே எழும்வரை அவன்தான் போட்டான். பிறகு மண்வெட்டியைக் குத்திவிட்டு, மூச்சு வாங்க, என்னைப் பார்த்தான்.

"அக்கா, அவன்ர பெயர் யோகராசா."

நான் அவனுக்குக் கிட்டப் போனேன்.

"என்னோட பிடிபட்டவன். தாய்க்கு ஒரே பிள்ளை. நல்லாப் பாடுவான். அவனுக்கு இப்பிடி ஒருத்தரும் மண் போடேல்லை, அக்கா. எங்கை எண்டே தெரியாது." குருவானவரின் பக்கம் திரும்பி, தன் கொச்சை ஆங்கிலத்தில் அதையே அவருக்கும் சொன்னான். கண்ணாடிக் கடைப் பெண்மணிக்கும் சொன்னான். குருவானவர் புத்தகத்தை மூடாமல், "அந்தப் பெயரை இன்னொருமுறை சொல்லுங்கள்" என்றார். வசந்தன் சொன்னான். அவர் தன் மொழி பழகிய வாயால் தடுமாறித் தடுமாறி "யோகராசா" என்று சொல்லிப் பார்த்தார்.

ஹன்னா அன்ரி, நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்ததற்குப் பதில் இது. தம்பி கதைத்துவிட்டான். உங்கள் மண்ணுக்குப் பக்கத்தில் நின்று, ஆட்கள் முன்னிலையில் கதைத்தான். ஆறுதலாகப் போங்கோ.